ஐந்திணையில் மூன்றைக் காணோம்

நாவலுக்கு விமர்சனம் எழுதுகிறோம், கவிதைத் தொகுப்புக்கு எழுதுகிறோம். இந்தக் கட்டுரை ஒரே ஒரு வரிக்கான விமர்சனம். அந்த வரியை எழுதியவர் இலக்கியவாதி இல்லை. நீங்கள் அதைப் படித்திருக்கவும் வாய்ப்பில்லை. ஆனால் தமிழ்ப் பிரதியைக் கணினியிடம் கொடுத்து "இதில் அதிகம் வரும் சொல் எது?" என்று கேட்கும் பலருக்கு, கேள்விக்கும் பதிலுக்கும் நடுவில் உட்கார்ந்து அந்த வரிதான் பிரதியைப் படிக்கிறது.

பைத்தான் மொழியில் சைக்கிட்-லேர்ன் என்று ஒரு நிரல் நூலகம் உண்டு. பிரதியைச் சொல் சொல்லாகப் பிரித்து எண்ணும் வேலைக்குப் பல மாணவர்கள் முதலில் தொடுவது அதைத்தான். அதற்குள் 'கவுண்ட்வெக்டரைசர்' என்ற கருவி. சொல் என்றால் என்ன என்று அதற்கு யாராவது சொல்லித்தர வேண்டுமே. நாம் எதுவும் சொல்லாவிட்டால் அது தானாக எடுத்துக்கொள்ளும் வரையறை இது: சொல்லெழுத்துகள் இரண்டோ அதற்கு மேலோ தொடர்ந்து வந்தால் சொல். மற்றதெல்லாம் நிறுத்தக்குறி, தூக்கிப் போடு.

கேட்க ஒழுங்காகத்தான் இருக்கிறது. ஐந்திணையை அதற்கு வாசிக்கக் கொடுத்தேன். குறிஞ்சி காணாமல் போனது. முல்லை காணாமல் போனது. பாலையும் போனது. மருதம் 'மர', 'தம' என்று இரண்டு துண்டாக வந்தது. நெய்தல் 'தல' ஆகிவிட்டது; அஜித் ரசிகர்கள் சந்தோஷப்படலாம். மலையும் காடும் தம் இயல்பு கெட்டு வறண்டால் பாலை ஆகும் என்று சிலப்பதிகாரம் சொல்லும். இங்கே அந்தப் பாலைகூட மிஞ்சவில்லை.

என்ன நடக்கிறது? கணினிக்கு 'கு' ஒரு எழுத்து இல்லை. 'க' ஒன்று, அதன் மேல் ஏறும் உகரக் குறி ஒன்று, ஆக இரண்டு. யூனிகோட் ஒவ்வொரு குறியீட்டுக்கும் ஒரு சாதி (வேறு சொல் கிடைக்கவில்லை, 'வகை' என்று வைத்துக்கொள்வோம்) கொடுத்திருக்கிறது. 'க' எழுத்து வகை. கால், கொம்பு, விசிறி, புள்ளி எல்லாம் 'ஒட்டுக்குறி' வகை. ரெகுலர் எக்ஸ்பிரஷன் எழுதுபவர்கள் 'பேக்ஸ்லாஷ் டபிள்யூ' என்று ஒரு சுருக்கத்தைப் பயன்படுத்துவார்கள். டபிள்யூ என்றால் 'வேர்ட்', சொல். பைத்தானோடு வரும் ரெஜெக்ஸ் தொகுதி இந்தச் சுருக்கத்தில் எழுத்து, எண், அடிக்கோடு மூன்றையும் சேர்க்கிறது. ஒட்டுக்குறியைச் சேர்ப்பதில்லை. ஆகவே குறிஞ்சி அதன் கண்ணுக்கு க, ற, ஞ, ச என்று நான்கு ஒற்றை எழுத்துகள், நடுநடுவே ஏதோ நிறுத்தக்குறிகள். ஒற்றை எழுத்தைச் சொல்லாக எண்ணக் கூடாது என்பது வரையறையின் அடுத்த பாதி. நான்கும் குப்பைக்குப் போயின.

இதில் ஒரு விசித்திரமான ஒழுங்கு இருக்கிறது. ஒட்டுக்குறி இல்லாத உயிர்மெய் எது? அகரம் ஏறியது மட்டும்தான். க, ச, ட, த, ப. ஆகவே அகரம் அடுத்தடுத்து வரும் இடம் மட்டும் பிழைக்கிறது. எழுத்துக்கெல்லாம் அகரம் தலை என்று வள்ளுவர் சொன்னதை, அகரம் மட்டும்தான் எழுத்து என்று இந்த வரி புரிந்துகொண்டிருக்கிறது. அறம் பிழைக்கும், 'அறம' என்று. பொருள் போய்விடும். இன்பம் 'இன', 'பம'. வீடு கிடையாது.

மெய்யெழுத்தின் இயல்பே புள்ளியோடு நிற்பதுதான் என்பது தொல்காப்பியம். புள்ளி அங்கே ஒட்டு அலங்காரம் இல்லை, எழுத்தின் உடம்பு. சரி, ஓலைச்சுவடிகளில் புள்ளி பெரும்பாலும் கிடையாதே என்று நீங்கள் கேட்கலாம். உண்மைதான். குறில் நெடில் கொம்புக்கும் வித்தியாசம் இருக்காது, காலும் ரகரமும் ஒன்றுபோல இருக்கும். உ.வே.சா. 1887இல் சீவக சிந்தாமணியை அச்சுக்குக் கொண்டுவரப் பட்ட பாட்டில் பெரும்பங்கு இதுதான். ஆனால் அங்கே ஏட்டில் இல்லாததை வாசகன் தன் மொழியறிவால் போட்டு நிரப்பினான். நம் வரி செய்வது நேர்மாறான வேலை. நாம் கண்ணும் கருத்துமாக அடித்த புள்ளியையும் கொம்பையும் உதிர்த்துவிட்டுப் படிக்கிறது.

நான் கள்ளக்குறிச்சிக்காரன். மேற்கே பார்த்தால் கல்வராயன் மலை தெரியும். அதனால் அடுத்த சோதனைக்கு எங்கள் பக்கத்துச் சொற்களையே எடுத்தேன். கள்ளக்குறிச்சி: 'கள', 'ளக'. குறிச்சி என்றாலே குறிஞ்சி நிலத்து ஊர் என்று பள்ளிக்கூடத்தில் சொல்லித் தந்தார்கள்; அந்தக் குறிச்சி சுத்தமாக இல்லை. கல்வராயன் மலை: 'கல', 'வர', 'யன', 'மல'. மலை மேலே இருக்கும் வெள்ளிமலை: 'மல' மட்டும். கீழே கோமுகி அணை இருக்கிறது, கோமுகி வெறுமை. மேகம் அருவி 'கம', 'அர' ஆகிவிட்டது. மலையில் விளையும் சாமையும் தினையும் கிடையாது. வரகுக்கு அதிர்ஷ்டம், 'வரக' என்று பாதிக்கு மேல் தப்பித்தது. மரவள்ளிக் கிழங்கில் 'மரவள' வரை வந்து, கிழங்கு 'ழங' ஆனது.

துண்டாவதைவிட மோசம் ஒன்றாவது. பசி, பசு, பசை மூன்றுமே 'பச'. கள், களி, களை மூன்றும் 'கள'. ஒரு சிறுகதைத் தொகுப்பில் 'பச' நாற்பது தடவை வருகிறது என்று வரைபடம் காட்டினால், அது பட்டினிக் கதையா மாட்டுக் கதையா என்று யாராலும் சொல்ல முடியாது.

கடைசியாக ஒரு வாக்கியம் எழுதிக் கொடுத்தேன். மலையில் யார் வாயிலிருந்தும் வரக்கூடிய சாதாரண வாக்கியம்: "காட்டுல தினை காஞ்சு போச்சு, கூலிக்குப் போறோம்." ஒரு சொல்கூட மிஞ்சவில்லை. நிரல் நின்றுபோய், சொற்பட்டியல் காலியாக இருக்கிறது, ஒருவேளை உங்கள் பிரதியில் எண்ண வேண்டாத அற்பச் சொற்கள் மட்டும்தான் இருக்கின்றனவோ என்று என்னையே திருப்பிக் கேட்டது. இதுவாவது தேவலை. இதே வாக்கியம் ஆயிரம் வாக்கியங்களுக்கு நடுவே இருந்திருந்தால் சத்தமே இல்லாமல் போயிருக்கும். காடு, கூலி, சோறு, நீர், தீ, நான், நீ எல்லாமே இப்படிச் சத்தமில்லாமல் போகும் சொற்கள்.

1976 வரை ஜாகீர்தார்கள் கையில் இருந்த மலை அது. அங்கே வாழும் மலையாளிப் பழங்குடியினர் பேசுவது தமிழ்தான், ஆனால் அந்தப் பேச்சு எழுத்தில் வந்தது சொற்பம். இப்போது கல்லூரிப் பிள்ளைகள் போனில் கதையும் பாட்டும் பதிந்துகொண்டு வருகிறார்கள், தட்டச்சு செய்கிறார்கள், அடுத்து "டேட்டா அனலிசிஸ்" என்று ஒரு கட்டம் வருகிறது. எழுத்து வழக்கைவிடப் பேச்சு வழக்குக்கு இந்த வரியால் சேதம் அதிகம் என்பது என் கணிப்பு. போச்சு, காஞ்சு, போறோம், வூடு, சோத்துக்கு என்று பேச்சுத் தமிழின் உயிர் நெடிலிலும் உகரத்திலும்தான் ஓடுகிறது. அகரம் அகரமாக அடுக்கி யாரும் பேசுவதில்லை.

அலுவலகத்தில் ஒருமுறை கோடு ரிவ்யூவில் இதைச் சொன்னேன். பக்கத்து நாற்காலிக்காரர் கேட்டார்: "தமிழ்தான் ஸ்க்ரீன்ல அழகா தெரியுதே பாஸ், அப்புறம் என்ன?" நல்ல கேள்வி. தமிழ் மென்பொருளின் முப்பது வருட உழைப்பு பெரும்பகுதி 'தெரிவதற்கு'ப் போயிருக்கிறது. ஆளுக்கொரு எழுத்துரு, ஆளுக்கொரு குறியேற்றம் என்று இருந்த காலத்தில் பக்கமெல்லாம் கட்டம் கட்டமாகத் தெரிந்ததை நினைவு வைத்திருப்பவர்களுக்கு, இன்று போனில் 'ஶ்ரீ' வரை ஒழுங்காகத் தெரிவதே அதிசயம். அதை நான் குறைத்துப் பேசவில்லை. ஆனால் காட்டுவது ஒரு வேலை, படிப்பது வேறு வேலை. புத்தகத்தை அழகாக அட்டை போட்டு அடுக்கி வைப்பவர் அதைப் படித்திருக்க வேண்டும் என்று அவசியமா?

'தமிழ்' என்ற சொல்லின் நீளம் என்ன என்று கருவிகளைக் கேட்டுப் பாருங்கள். கோ மொழியும் ரஸ்ட்டும் நேரடியாகக் கேட்டால் 15 என்கும். யூடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறியீடும் 3 பைட், ஐந்து குறியீடு, ஆக 15. பைத்தானும் ஜாவாஸ்கிரிப்ட்டும் 5 என்கும். ஸ்விஃப்ட் 3 என்கும். நன்னூலும் 3 என்றுதான் சொல்லும். மூன்று பதிலுமே அதனதன் அளவில் சரி. ஆனால் எந்த எண்ணை எங்கே பயன்படுத்துவது என்று தெரியாவிட்டால் கத்தரி தப்பான இடத்தில் விழும். கள்ளக்குறிச்சிக்கு எழுத்து 8, குறியீடு 14, பைட் 42. 30 பைட்டில் வெட்டுகிற ஒரு பெட்டிக்குள் போட்டால் 'கள்ளக்குறி' என்று நிற்கும். 40இல் வெட்டினால் 'கள்ளக்குறிச்ச' என்று வந்து, பக்கத்தில் ஒரு கறுப்பு டைமண்டுக்குள் கேள்விக்குறி முளைக்கும். எங்கள் ஊர் 2019 நவம்பரில் தனி மாவட்டம் ஆனது. அதன் பெயர் முழுதாக நிற்க 42 பைட் வேண்டும். இங்கிலீஷில் எழுதினால் 12 போதும்.

(அதே 2019இல்தான் முந்திரி எனப்படும் 1/320 முதலான பழைய பின்ன அளவைகளுக்கு யூனிகோட் தனிக் கட்டம் ஒதுக்கியது. அவை ஒவ்வொன்றும் 4 பைட். மைஎஸ்க்யூஎல்லில் பழைய 'யூடிஎஃப்8' நெடுவரிசை 3 பைட்டுக்கு மேல் தாங்காது. பழைய நிலப் பத்திரத்தை அப்படியே தரவுத்தளத்தில் ஏற்ற நினைப்பவர்கள் கவனிக்க.)

இந்த இடத்தில் தமிழ்க் கணிமைக்காரர்கள் வழக்கமாக யூனிகோடையே திட்ட ஆரம்பிப்பார்கள். அவர்கள் பக்கம் நியாயம் இல்லாமல் இல்லை. 1991இல் வந்த யூனிகோட், இந்திய எழுத்துமுறைகளுக்கு இஸ்கி என்ற இந்தியத் தரத்தின் அச்சை எடுத்துக்கொண்டது. தேவநாகரியை மனதில் வைத்துப் போட்ட அச்சு. தமிழுக்கு ஒதுக்கிய 128 இடங்களில் 'க'வுக்கும் 'ங'வுக்கும் நடுவே மூன்று இடம் இன்றும் காலி. நம்மிடம் இல்லாத வர்க்க எழுத்துகளுக்கான நாற்காலிகள். 'ன' போய் 'ந'வுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறது, 'ற' போய் 'ர'வுக்குப் பக்கத்தில். அப்படியே வரிசைப்படுத்தினால் அகராதி குழம்பும். அடிப்படையிலேயே கணக்கு தலைகீழ்: நம் இலக்கணத்தில் க் என்பது முதல், அதில் அ சேர்ந்தால் க. யூனிகோடில் க முதல், அதிலிருந்து அகரத்தைக் கொல்லும் குறி புள்ளி.

இதற்கு மாற்றாக 'டேஸ் 16' வந்தது. ஒவ்வொரு உயிர்மெய்க்கும் தனி எண். 2010 ஜூனில், கோவை செம்மொழி மாநாட்டுச் சமயத்தில், தமிழக அரசு யூனிகோடோடு சேர்த்து இதையும் தரமாக ஏற்றது. ஆனால் அது உட்கார்ந்த இடம் யூனிகோடின் தனிப்பயன் பகுதி, யாரும் எதற்கும் வைத்துக்கொள்ளலாம் என்று விட்ட புறம்போக்கு. அங்கே இருக்கும் குறியீட்டுக்கு 'எழுத்து' என்ற வகையே கிடையாது. நம் வரியிடம் டேஸ் 16இல் எழுதிய பிரதியைக் கொடுத்தால் 'மல', 'பச'கூட வராது, ஒட்டுமொத்தத் தமிழும் நிறுத்தக்குறி ஆகிவிடும். முறையான இடம் கிடைத்திருந்தால் கதை வேறு, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் இத்தனை வருடம் நாம் குறியேற்றத்தைப் பற்றி மேடை போட்டுச் சண்டை பிடித்தபோது, அந்தக் குறியேற்றத்தைப் படிக்கும் கருவிகளை யாரும் அவ்வளவாகத் திறந்து பார்க்கவில்லை. என் குற்றச்சாட்டு இந்த இடத்தில்தான். இஸ்கியின் அச்சிலேயே வந்த இந்தியும் இதே வரியில் இதே மாதிரிதான் சிதைகிறது. யூனிகோட் அமைப்பே ரெஜெக்ஸுக்கு எழுதி வைத்திருக்கும் பரிந்துரை, சொல்லெழுத்தில் ஒட்டுக்குறியையும் சேர்க்கச் சொல்கிறது. பெர்ல் அதைக் கேட்கிறது. பைத்தான் கேட்கவில்லை. 2011லேயே பெர்ல் உலகின் டாம் கிறிஸ்டியன்சன் பைத்தானின் வழுப் பட்டியலில் இதைக் கறாராக எழுதிப் பதிந்தார்.

ஜாவாஸ்கிரிப்ட்டின் 'பேக்ஸ்லாஷ் டபிள்யூ' இன்னும் மோசம்: ஆங்கில எழுத்து, எண், அடிக்கோடு, அவ்வளவுதான். தமிழில் ஒன்றுகூட அதற்கு எழுத்து இல்லை. ஆனால் எனக்கு அது பைத்தானைவிடப் பரவாயில்லை. முழுசாகத் தெரியாது என்கிறவனிடம் நாம் வேலையைக் கொடுக்க மாட்டோம். பாதி தெரிந்தவன்தான் பட்டியலை நிரப்பிக் கையில் கொடுத்துவிடுவான்.

பைத்தானின் இன்னொரு பக்கத்தையும் சொன்னால்தான் விமர்சனம் முழுமையாகும். 2008 கடைசியில் வந்த பைத்தான் 3 முதல் மாறிகளுக்குத் தமிழில் பெயர் வைக்கலாம். 'கூலி = 300' என்று எழுதினால் ஓடும். பெயராக வைக்கத் தகுந்ததா என்று அந்த மொழியைக் கேட்டால் 'கூலி' தகும் என்கும், ஒட்டுக்குறியையும் சேர்த்து எண்ணி. அதே மொழியிடம் 'கூலி' முழுக்க எழுத்துகளால் ஆனதா என்று கேட்டால் இல்லை என்கும். ஒரே வீட்டில் இரண்டு அறை, இரண்டு இலக்கணம். பெயர் அறையைக் கட்டியவர்கள் யூனிகோட் ஆவணத்தைப் படித்திருக்கிறார்கள். எழுத்து அறையைக் கட்டியவர்கள் 'எழுத்து' என்ற வகையைப் பார்த்ததும் போதும் என்று எழுந்துவிட்டார்கள்.

கள்ளக்குறிச்சியில் என்னோடு படித்தவன் ஒருவன் பிரவுசிங் சென்டர் வைத்திருக்கிறான். மலையிலிருந்து இறங்கி வருபவர்களுக்கு விண்ணப்பம் அடித்துக் கொடுப்பான். ஒரு மாலை அவன் கடையில் உட்கார்ந்து, "நாலு பேர் சொல்லுடா" என்றேன். சின்னத்தம்பி, ராமாயி, வெள்ளையன், குப்பாயி என்றான். ஒவ்வொன்றையும் பைத்தானிடம் கொடுத்து எழுத்தால் ஆனதா என்று கேட்டேன். பொய், பொய், பொய், பொய் என்று வந்தது. 'பல' என்று அடித்தேன், மெய் என்றது.

"அப்போ குப்பாயிங்கிறது எழுத்து இல்லையாடா?"

"இதுக்கு இல்ல."

அவன் பெரிதாக ஆச்சரியப்படவில்லை. தமிழில் பெயரை அடித்தால் 'எழுத்துகளை மட்டும் உள்ளிடவும்' என்று சிவப்பாகத் திட்டும் படிவங்களை அவன் நிறையப் பார்த்திருக்கிறான். "நான் இங்கிலீஷ்ல அடிச்சிருவேன். அது ஒன்னும் சொல்லாது" என்றான். வெள்ளையன் இங்கிலீஷுக்குப் போகும்போது ளகரம் லகரம் ஆகும், திரும்பத் தமிழுக்கு வரும்போது யார் அதை ளகரமாக ஆக்குவார்கள்? இதைக் கேட்டால், "பேங்க் பாஸ்புக்ல ஒரு மாதிரி இருக்கும், ஆதார்ல ஒரு மாதிரி இருக்கும். அதுக்கும் நம்ம கடைக்குத்தான் வருவாங்க" என்று சிரித்தான்.

இலக்கிய வாசகர்களுக்கு நேரடியாகப் படும் இன்னொன்று. மௌனி கதைகளைத் தேடிப் பாருங்கள். ஔகாரக் குறியோடு அடித்த மௌனியும், ஒற்றைக் கொம்போடு தனி ளகரம் போட்டு அடித்த மெளனியும் இணையத்தில் அக்கம்பக்கமாக வாழ்கிறார்கள். கண்ணுக்கு ஒருவர்தான், கருவிக்கு இரண்டு பேர். இதில் கருவியைக் குறை சொல்ல மாட்டேன், தட்டச்சு செய்தவரின் விரல் செய்தது.

சரி, திருத்த முடியாதா? வெட்கப்படும் அளவுக்குச் சுலபம். 'பேக்ஸ்லாஷ் டபிள்யூ' இருக்கும் இடத்தில், யூனிகோடின் தமிழ்க் கட்டத்தின் முதல் இடத்திலிருந்து கடைசி இடம் வரை என்று எழுதினால் முடிந்தது. பைத்தானுக்கே வெளியிலிருந்து 'ரெஜெக்ஸ்' என்ற தனித் தொகுதி கிடைக்கிறது, அது ஒட்டுக்குறியை மதிக்கும். எழுத்தெழுத்தாகப் பிரிக்க முத்து அண்ணாமலையும் நண்பர்களும் எழுதிய ஓப்பன்-தமிழ் இருக்கிறது. மொழி மாதிரிகளின் உலகத்திலும் இதே கதைதான் நடந்தது. ஓப்பன்ஏஐ 2019இல் வெளியிட்ட ஜிபிடி-2, பிரதியைத் துண்டாக்கும் முதல் விதியிலேயே எழுத்து வகையை ஒரு பக்கமும் ஒட்டுக்குறியை மறுபக்கமும் தள்ளியது. 'தமிழ்' அங்கே தம, இகரக் குறி, ழ, புள்ளி என்று நான்காக உடைந்துதான் உள்ளேயே போகும். 2024இல் வந்த ஜிபிடி-4ஓவின் விதியில் ஒட்டுக்குறியையும் எழுத்தோடு சேர்த்துவிட்டார்கள். அங்கும் மாறியது ஒரு வரிதான்.

வரியை மாற்றிவிட்டு அந்த மலை வாக்கியத்தைத் திரும்பக் கொடுத்தேன். ஆறு சொல்லும் வந்தன. தினை தினையாகவே வந்தது. 'கூலிக்குப்' என்பது மட்டும் வல்லெழுத்தோடு ஒட்டிக்கொண்டு, 'கூலிக்கு' என்பதிலிருந்து வேறொரு சொல்லாக நின்றது. ஒற்று மிகுந்ததால் ஒரு சொல் இரண்டாகுமா என்பது பைத்தானோடு போடும் சண்டை இல்லை, நன்னூலோடு போடுவது. அதற்கு இந்தக் கட்டுரையில் இடமில்லை.